சின்ன இன்னிசைக் குழுவுக்கு 5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: சின்ன இன்னிசைக் குழு. கோயில் கொடை, காதுகுத்து, ஊர்ப் பொங்கல் விழா என்று ஓடுகிறது. இரண்டு ஆம்ப், மிக்சர், இரண்டு கீபோர்டு, ரிதம் பேட், கொஞ்சம் லைட். போகிற ஊரில் கரண்டை நம்ப முடியவில்லை. 5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதிலேயே ஓட்டிவிடலாமா?

வேண்டாம். கேவிஏ என்பது ஜெனரேட்டர் எவ்வளவு தாங்கும் என்கிற அளவு; ஒரு கேவிஏ என்றால் 1,000 விஏ, தோராயமாக 1,000 வாட் என்று வையுங்கள். சவுண்டுக்கு மட்டும் என்றால் அவ்வளவு பெரிசு தேவையில்லை. லைட்டையும் சேர்த்தால் அது பத்தாது. சவுண்டுக்கு 3 கேவிஏ இன்வர்ட்டர் ஜெனரேட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்குங்கள். லைட்டை, விழாக் கமிட்டி வாடகைக்கு எடுக்கும் டீசல் ஜென்செட்டில் விடுங்கள். மைக் செட் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: இரண்டையும் ஒரே லைனில் போடாதீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஆம்ப் முகப்பில் 2,000 வாட் என்று போட்டிருந்தால் அது ஸ்பீக்கருக்குக் கொடுக்கக்கூடிய உச்சம். பாட்டு ஓடும்போது அந்த உச்சம் டிரம் அடியில் ஒரு கணம் வந்து போகும், அவ்வளவுதான். அதனால்தான் ஆம்ப் கம்பெனிகள் கையேட்டில் அந்த உச்சத்தின் எட்டில் ஒரு பங்கில் ஓடும்போது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று தனியாகப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில், பழைய ட்ரான்ஸ்ஃபார்மர் வகை 2,000 வாட் ஆம்ப் சுமார் 900 வாட் இழுக்கும். புது கிளாஸ் டி (கரண்டை அதிகம் வீணாக்காத, கனம் குறைந்த வகை) என்றால் அதில் பாதிதான். மிக்சர், கீபோர்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்து 300 வாட் வையுங்கள். ஆக, கிளாஸ் டி ஆம்ப் இரண்டு வைத்திருந்தால் 3 கேவிஏ தாராளம். கனமான பழைய ஆம்ப் இரண்டு என்றால் கொஞ்சம் இறுக்கம், ஆனாலும் ஓடும்.

என் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். அடுத்த கச்சேரியில் எலக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் (ஒயரை வெட்டாமல் கவ்விப் பிடித்து கரண்டை அளக்கும் மீட்டர்) வாங்கி, சவுண்டுக்குப் போகும் ஃபேஸ் ஒயரில் மாட்டி, குத்துப்பாட்டு ஓடும்போது எத்தனை ஆம்பியர் காட்டுகிறது என்று பாருங்கள். அதை 230-ஆல் பெருக்கினால் உங்கள் விஏ. அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வைத்துக்கொண்டு ஜெனரேட்டர் தேடுங்கள். கடையில் பார்க்கும்போது பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது அதிகபட்ச அளவு. சின்ன எழுத்தில் 'ரேட்டட்' என்று இருப்பதுதான் தொடர்ந்து தரக்கூடியது. ஹோண்டா ஈயூ30ஐஎஸ் என்ற இன்வர்ட்டர் மாடலை எடுத்துக்கொண்டால் அதிகபட்சம் 3 கேவிஏ, ரேட்டட் 2.8 கேவிஏ. எல்லாக் கம்பெனியிலும் இந்த இடைவெளி இவ்வளவு சின்னதாக இருக்காது.

லைட் பக்கம் வாருங்கள். 54 பல்பு எல்இடி பார் (PAR) விளக்கு எட்டு வைத்தால் சுமார் 1,200 வாட். 230 வாட் பல்பு உள்ள பீம் மூவிங் ஹெட் (தானே திரும்பி ஆடும் மேடை விளக்கு) நாலு என்றால், மோட்டார் முதலியவை இழுப்பதையும் சேர்த்து இன்னொரு 1,400. இதோடு ஸ்மோக் மெஷின். பார்க்கச் சின்ன டப்பாதான், ஆனால் உள்ளே இருப்பது 1,500 வாட் ஹீட்டர். அது சூடேறியதும் நிற்கும், ஆறியதும் தானே திரும்ப எடுக்கும். சின்ன ஜெனரேட்டரில் அது எடுக்கும் நேரம் பார்த்து நில்லுங்கள்: என்ஜின் ஒரு முக்கு முக்கும், வோல்டேஜ் இறங்கும், டிஜிட்டல் மிக்சர் அணைந்து மறுபடி உயிர் பெறும். சரணத்தின் நடுவில் அரை நிமிடம் மேடை மௌனம்.

இது போக, நீங்கள் கணக்கிலேயே எடுக்காத ஆட்கள் உண்டு. மேடைக்குப் பின்னால் காலி பிளக் தெரிந்தால் வேட்டியை இஸ்திரி போட ஒருவர் வருவார், டீ போட இண்டக்‌ஷன் அடுப்போடு இன்னொருவர் வருவார். அடுப்பு மட்டும் 2,000 வாட். சவுண்ட் லைனில் காலி பிளக்கே வைக்காதீர்கள். இருந்தால் டேப் சுற்றி அடைத்துவிடுங்கள்.

இன்வர்ட்டர் வகைதான் வேண்டும் என்று ஏன் சொல்கிறேன்? சாதாரண பெட்ரோல் ஜெனரேட்டரில் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். சும்மா ஓடும்போது 52-க்கு மேல் இருக்கும், லோடு ஏறினால் இறங்கும். அலையும் சுத்தமாக இருக்காது. ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் பாகம்) இருந்தால் வோல்டேஜ் ஓரளவு நிற்கும், ஃப்ரீக்வென்ஸி நிற்காது. யுபிஎஸ் வைத்திருந்தால் இந்தக் கரண்டை ஏற்காமல் பேட்டரியிலேயே ஓடித் தீர்ந்துபோவதும் உண்டு. இன்வர்ட்டர் வகையில், வரும் கரண்டை முதலில் டிசியாக்கி, பிறகு மின்னணு முறையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸாகத் திரும்ப உருவாக்குகிறார்கள். என்ஜின் எந்த வேகத்தில் ஓடினாலும் வெளியே வருவது மாறாது. விலைதான் கூடுதல், சாதாரண வகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே போகும். ஒரு டிஜிட்டல் மிக்சரும் இரண்டு கீபோர்டும் என்ன விலை என்று யோசித்தால் அது பெரிசாகத் தெரியாது. ஒன்று மட்டும்: கச்சேரி நேரத்தில் ஈக்கோ சுவிட்சை (லோடு குறைந்தால் என்ஜின் வேகத்தைக் குறைத்துப் பெட்ரோலை மிச்சப்படுத்துவது) அணைத்து வையுங்கள். இல்லையென்றால் பேஸ் திடீரென்று அடிக்கும்போது என்ஜின் வேகம் பிடிப்பதற்குள் வோல்டேஜ் தடுமாறலாம்.

வாடகை டீசல் ஜென்செட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. 15 கேவிஏ வண்டி வந்து நின்றதும், அப்பாடா என்றிருக்கும். ஆனால் அது பெரும்பாலும் த்ரீ ஃபேஸ், அதாவது கரண்ட் மூன்று தனி லைனாகப் பிரிந்து வரும். ஒரு ஃபேஸுக்கு 5 கேவிஏ, அதாவது 21 ஆம்பியர்தான். சீரியல் செட், மேடை லைட், ஃபேன் எல்லாவற்றையும் ஒரே ஃபேஸில் மாட்டிவிட்டு ஜென்செட்டைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. இதைவிட மோசமானது நியூட்ரல் (மூன்று ஃபேஸுக்கும் பொதுவாகக் கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) விட்டுப்போவது. ஜென்செட் பக்கம் நியூட்ரல் லூசானால், லோடு குறைவாக இருக்கும் ஃபேஸில் வோல்டேஜ் 300-ஐயும் தாண்டலாம். அதில் மாட்டியிருப்பது மொத்தமும் போய்விடும். ஒயரை வெறுமனே முறுக்கி விடுகிற எலக்ட்ரீஷியன் என்றால் நானே நின்று, லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) போட்டு முறுக்கச் சொல்வேன். சவுண்டைத் தனி ஜெனரேட்டரில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தனியாக வைத்தால் இரைச்சல் தொல்லை ஒன்று வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். வீடியோகாரர் மிக்சரிலிருந்து ஆடியோ லைன் கேட்பார். அவருடைய லேப்டாப் சார்ஜர் கமிட்டி லைனில் இருக்கும். கேபிளைச் சொருகியதும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓட ஆரம்பிக்கும். இரண்டு எர்த்தும் அந்த ஒரு கேபிள் வழியாகச் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். எர்த் பின்னை ஒடிக்காதீர்கள். ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (இரண்டு எர்த்தையும் சேரவிடாமல் ஆடியோவை மட்டும் கடத்தும் சின்னப் பெட்டி) இரண்டைப் பையில் வைத்திருங்கள். எல்இடி திரை வைப்பவர் லைன் கேட்டாலும் அதுவே மருந்து.

சின்ன ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரல், எர்த்தோடு சேர்ந்திருக்காது. டெஸ்டர் வைத்தால் இரண்டு ஓட்டையிலும் மங்கலாக எரியும். அந்த நிலையில் இஎல்சிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டும் பயனில்லாமல் போகலாம். கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்து, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் ராடு அடித்துச் சரிசெய்யுங்கள். ஜெனரேட்டர் கரண்டை, இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரால் மண்டபத்துச் சாக்கெட்டில் சொருகுவது மட்டும் கூடவே கூடாது. சேஞ்ச் ஓவர் (ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சுவிட்ச்) இல்லாமல் அது ஈபி லைனுக்குத் திரும்பப் போனால், கம்பத்தில் ஏறி நிற்கிற லைன்மேன் உயிர் போகும்.

எங்கே வைப்பது? மேடைக்குப் பின்னால் திறந்தவெளியில், புகைபோக்கி கூட்டத்துக்கு எதிர்ப்புறம். பந்தலுக்குள்ளோ வேனுக்குள்ளோ மழைக்காகக்கூட வைக்க வேண்டாம்; கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்கச் சத்தம் 6 டெசிபல் குறையும். அதற்காக வெகுதூரம் போனாலும் சிக்கல்: 50 மீட்டருக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் இழுத்து 15 ஆம்பியர் எடுத்தால் வழியிலேயே 11 வோல்ட் போய்விடும். 20 மீட்டர் போதும். சத்தத்தை ஒப்பிடும்போது எந்தத் தூரத்தில் அளந்தது என்று கேளுங்கள். ஒருவர் 7 மீட்டர் கணக்கும் இன்னொருவர் 1 மீட்டர் கணக்கும் காட்டுவார்கள்.

பெட்ரோல் பற்றிக் கவலை வேண்டாம். நான் சொன்ன அந்த ஹோண்டா மாடலில் டேங்க் 13 லிட்டர், முழு லோடில் ஏழு மணி நேரம் வரும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு எப்படியும் தடை. திருவிழாவுக்குச் சிறப்பு அனுமதி கிடைத்தாலும் 12 வரைதான். கொடைக்கானல், ஊட்டி பக்கம் போவதாக இருந்தால் மட்டும் கவனம். 2,000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து என்ஜின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பலம் இழக்கும்.

வாங்கும் அன்று உங்கள் கீபோர்டையும் மிக்சரையும் ஒரு ஸ்பீக்கரையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கூடவே 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் ஒன்று. ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஹீட்டரைப் போட்டு, அணைத்து, மறுபடி போடச் சொல்லுங்கள். மல்டிமீட்டரில் 230 பெரிசாக ஆடக் கூடாது, மிக்சர் அணையக் கூடாது, ஸ்பீக்கரில் புது இரைச்சல் எதுவும் வரக் கூடாது. ஓட்டிக் காட்ட மாட்டோம் என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.