பெயில் கிடைச்சும் பையன் ஏன் உள்ளயே இருக்கான்?

கேள்வி: சார், என் மகன் பைக் திருட்டு கேஸ்ல உள்ள இருக்கான். பெயில் ஆர்டர் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, ஆனா ரெண்டு சூரிட்டி (ஜாமீன் கையெழுத்து போடுற ஆளுங்க) வேணும், வீட்டு வரி ரசீது வேணும்ங்கறாங்க. நாங்க வாடகை வீடு, யாரும் கையெழுத்து போட வரல. வக்கீலுக்கு குடுக்கவும் காசில்ல. என்ன பண்றது?
- வாசகி, ராஜபாளையம்

பதில்: அம்மா, காசில்லன்னு தயங்கவே தயங்காதீங்க. ஜெயில்ல இருக்குறவருக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காமலே இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்லுது, 15100க்கு போன் போடுங்க, இல்லன்னா மாவட்ட கோர்ட்ல இருக்குற சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீசுக்கு பெயில் ஆர்டர் காப்பியோட நேரா போயிடுங்க. 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிருக்குன்னா, பெயில் கிடைச்சு 7 நாள்ல ஆள் வெளிய வரலன்னா ஜெயில் சூப்பிரண்ட் அந்த ஆணைக்குழு செயலாளருக்கு தகவல் சொல்லணும், ஒரு மாசம் ஆகியும் சூரிட்டி குடுக்க முடியலன்னா கோர்ட்டே அத எடுத்துப் பாத்து நிபந்தனைய தளர்த்தலாம்னு. உங்க பையன் விஷயம் அப்படியே இதுதான், அதச் சொல்லி மனு போடச் சொல்லுங்க. 1978லயே மத்தியப் பிரதேசத்துல ஒரு கொத்தனார்கிட்ட 10,000 ரூபா சூரிட்டி கேட்டு, வெளி மாவட்டத்துல இருக்குற கூடப்பொறந்தவரோட சூரிட்டி செல்லாதுன்னும் சொன்னப்ப, நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டிச்சு வேற யார் கையெழுத்தும் இல்லாம 1,000 ரூபா சொந்த ஜாமீன்லயே விடச் சொன்னார். இத்தன வருஷம் கழிச்சும் ஏழை வீட்டுப் பசங்கதான் உள்ள கிடக்குறாங்க, மனசு ஆறல. இன்னொண்ணு, உள்ள ஜாதி பாத்து கூட்டுற கழுவுற வேலை குடுத்தா அது சட்டவிரோதம், 2024 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே வந்தாச்சு, மகன்கிட்ட சொல்லி வைங்க.

கேள்வி: குத்தம் பண்ணவனுக்கு ஜெயில்ல படிப்பு, பெட்ரோல் பங்க் வேலைன்னு எதுக்கு செலவு? பாதிக்கப்பட்டவன யார் பாக்குறா?
- வாசகர், ஓசூர்

பதில்: உங்க ரெண்டாவது கேள்வி ரொம்ப நியாயம். முதல் கேள்விக்கு சொல்றேன், நம்ம நாட்டு ஜெயில்கள்ல ஏறக்குறைய நாலுல மூணு பேர் விசாரணைக் கைதிங்க, குத்தம் இன்னும் நிரூபணமே ஆகல. தண்டனை வாங்கினவங்கள்லயும் முக்காவாசிப் பேர் ஒருநாள் நம்ம தெருவுக்குத்தான் திரும்பி வரப்போறாங்க, கைத்தொழில் இல்லாம வந்தா மறுபடி எங்க போவாங்க? புழல்ல பெண் கைதிங்க பெட்ரோல் பங்க் நடத்துறாங்க, நாள் பூரா நின்னு உழைச்சுதான் கூலி வாங்குறாங்க. அந்தக் கூலில ஒரு பங்கு பாதிக்கப்பட்டவங்களுக்கு போற மாதிரி சட்டம் பண்ணணும்னு 1998லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. அந்தக் காசு உரியவங்க கைக்கு ஒழுங்கா போய்ச் சேரணும்னு நீங்க கேளுங்க, நானும் கூட நின்னு கேக்குறேன்.