அமெரிக்க வீட்டு உரிமையாளர் சங்கக் குடியிருப்புகளில் மாற்றுத்திறனாளி விருந்தினருக்கு வண்டி நிறுத்தும் உரிமை உண்டா?

அமெரிக்காவில் ஒரு குடியிருப்பின் சாலை, பூங்கா, வண்டி நிறுத்துமிடம் முதலியவற்றை வீட்டுக்காரர்களே கூடி நிர்வகிக்கும் அமைப்பே வீட்டு உரிமையாளர் சங்கம். அங்கு வரும் மாற்றுத்திறனாளி விருந்தினருக்குப் பெரும்பாலும் துணை நிற்பது நியாயமான வீட்டுவசதிச் சட்டம். 1988-இல் திருத்தப்பட்ட அச்சட்டம், குடியிருப்பவரை மட்டுமன்றி அவரோடு தொடர்புடையவரையும் பாகுபாட்டிலிருந்து காக்கிறது. ஆகவே, சக்கர நாற்காலியில் அடிக்கடி வரும் தாய்க்காக வாசலருகே ஓரிடம் ஒதுக்கும்படி வீட்டுக்காரர் கேட்டால், சங்கம் விதிப்புத்தகத்தைக் காட்டி உடனே மறுத்துவிடாமல், அளவுக்கு மீறிய செலவோ சுமையோ நேராதவரை விதியைத் தளர்த்துவதைப் பற்றி உண்மையாகவே ஆராய வேண்டும். வாய்மொழியாகக் கேட்டாலும் செல்லும் என்றாலும், எழுத்தில் கேட்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

இதன் அடிப்படை, வீட்டை மற்றவர்களுக்கு நிகராக அனுபவிக்கும் உரிமை. உறவினர் வந்துபோக இயலாதபடி விதி வைப்பது, ஒருவரை விருந்துக்கு அழைத்துவிட்டு, அவரால் ஏற முடியாத மாடியில் பந்தி போடுவதற்கு ஒப்பாகும்.

1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் எல்லா நிறுத்துமிடங்களுக்கும் பொருந்தும் என்று பலர் எண்ணுகிறார்கள். குடியிருப்போரும் அவர்களுடைய விருந்தினரும் மட்டுமே பயன்படுத்தும் இடத்துக்கு அது பொதுவாகப் பொருந்தாது, வெளியாருக்கு வாடகைக்கு விடப்படும் மன்றக்கூடம் போன்றவற்றுக்கே பொருந்தும்.