60-உம் 30-உம் சேர்ந்தால் 70தானா?

கேள்வி: போலியோவால் என் தம்பிக்கு வலது காலில் 60 சதவீதம், இடது கையில் 30 சதவீதம் பாதிப்பு. சான்றிதழில் மொத்தம் 70 என்று இருக்கிறது. 75 இல்லையென்று, மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கேட்ட மனுவைத் திருப்பிவிட்டார்கள். 90 எப்படி 70 ஆனது? மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் கணக்கை எதிர்த்துச் செய்யாதீர்கள், கணக்கு சரி. ஒன்றிய அரசின் மதிப்பீட்டு நெறிமுறைப்படி சதவீதங்களை அப்படியே கூட்டுவதில்லை. இந்தக் கணக்கில் 90 என்பது எல்லோருக்கும் மாறாத எண், உங்கள் 60-உம் 30-உம் சேர்ந்த தொகை அல்ல. அந்த 90-லிருந்து பெரிய எண்ணைக் கழித்தால் 30. அதைச் சிறிய எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 10. அதைப் பெரிய எண்ணுடன் சேர்த்தால் 70. "90 தர வேண்டும்" என்று எழுதும் மனு நிற்காது. இதை அலுவலகத்தில் யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அலையவிடுவது கொடுமை.

கவனம் கையின் மேல் இருக்கட்டும். அதே கணக்கில் கைக்கு 45 கிடைத்தால் மொத்தம் சரியாக 75. கையின் தசை வலிமையையும் மூட்டு அசைவையும் முறையாக அளந்தார்களா? பிடிமானம் எப்படி, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா? போலியோ வந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தசை மேலும் தளர்வதும் உண்டு. சான்றிதழுக்குப் பிறகு தளர்ந்திருந்தால் மேல்முறையீடு தேவையில்லை, மறுமதிப்பீடு கேளுங்கள். அன்றே குறைத்து மதிப்பிட்டார்கள் என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 59-இன்படி மேல்முறையீடு செய்யுங்கள். கையைப் பரிசோதித்த எலும்பு மருத்துவர் அல்லது மறுவாழ்வு மருத்துவரின் அறிக்கையை இணையுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு. எந்த அதிகாரியிடம், எத்தனை நாளுக்குள் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இந்த வாரமே கேளுங்கள்.

மனு ஏன் தள்ளுபடியானது என்பதை எழுத்தில் வாங்கியிருக்கிறீர்களா? வாய்மொழிப் பதிலை எதிர்த்து எங்கும் போக முடியாது. தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

இது முடியும்வரை வீட்டில் வருமானம் வேண்டுமே. ஆதரவற்ற மாற்றுத்திறனாளிகளுக்கு வருவாய்த்துறை தரும் 1,500 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 40 சதவீதம் போதும். தம்பி 18 வயதைக் கடந்து, வருமான நிபந்தனைக்குள் வந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். பின்னர் பராமரிப்பு உதவித்தொகை கிடைத்தால் இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது. அப்போது இதை விட்டு அதற்கு மாறிக்கொள்ளலாம்.