வீட்டில் சர்வர் பழகுவோருக்கு எந்த உரிமம் செல்லும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் 16 ஜி.பி. ரேம் உள்ள பழைய கணினி ஒன்று இருக்கிறது. அதில் விண்டோஸ் சர்வரும் லினக்ஸும் நிறுவி, சர்வர் நிர்வாகம் பழக விரும்புகிறேன். "வீட்டில் படிக்கத்தானே, கிராக் போட்டுக்கொள், யார் கேட்கப் போகிறார்கள்?" என்கிறார் உடன் படித்த நண்பர். முறையான வழி உண்டா, ஐயா?
– வாசகர், சேலம்

பதில்: உண்டு. அதுவும் காசு செலவில்லாமலே உண்டு என்பதால்தான் கிராக் (உரிமப் பூட்டை உடைத்த பிரதி) பக்கமே போகாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பூட்டை உடைக்க ஆக்டிவேட்டர் என்ற பெயரில் சுற்றிவரும் கருவிகளில் பல, வைரஸ் தடுப்பை முதலில் அணைக்கச் சொல்கின்றன. அப்படி அணைத்த கணினியில்தான் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லும் குடும்பத்தாரின் ஆவணங்களும் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நிபந்தனையோடு தரப்படும் கட்டணமில்லா உரிமங்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும்; இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. வாங்கும் முன் முயன்று பார்க்கத் தரும் மதிப்பீட்டு உரிமத்துக்கு எல்லை, நாள் கணக்கு. மென்பொருள் எழுதுவோருக்கான டெவலப்பர் உரிமத்துக்கு எல்லை, செய்யும் வேலை. தனிநபர் உரிமத்துக்கு எல்லை, பயன்படுத்தும் ஆள். விண்டோஸ் சர்வரை மைக்ரோசாஃப்ட் தன் தளத்திலேயே 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பாகத் தருகிறது. விண்டோஸ் 11 எண்டர்பிரைஸுக்கு 90 நாள். கெடு முடிந்த சர்வர் மணிக்கு ஒருமுறை தானாகவே அணைந்துவிடும் என்பதால், நிறுவிய அன்றே முடியும் தேதியைக் குறித்துவைத்து, ஆக்டிவ் டைரக்டரி, டி.என்.எஸ்., குரூப் பாலிசி என்று சர்வர் நிர்வாகத்தின் அடிப்படைப் பாடங்களை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். ஒழுங்காக உட்கார்ந்தால் ஆறு மாதம் தாராளமான காலம்.

லினக்ஸில் உங்கள் வழி இன்னும் எளிது. டெபியன், உபுண்டு போன்றவற்றுக்கு உரிமக் கட்டணமே இல்லை. நிறுவனங்கள் பெரிதும் கேட்கும் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸையும், தனிநபர்களுக்கான டெவலப்பர் சந்தா மூலம் 16 கணினிகள் வரை கட்டணமின்றி வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ரெட் ஹாட் லினக்ஸுக்கு இணையாக இலவசமாகக் கிடைத்த சென்ட் ஓ.எஸ். 8 பதிப்புக்கான ஆதரவு 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்து, அதை நம்பியிருந்தவர்கள் தவித்த நேரத்தில், 2021 ஜனவரியில் இந்தச் சலுகை விரிவாக்கப்பட்டது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: உங்கள் கணினியில் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் உரிமம் அந்த ஒரு நிறுவலுக்கு மட்டுமே. அதற்குள் மெய்நிகர் கணினியாக (மென்பொருளால் கணினிக்குள் இயங்கும் இன்னொரு கணினியாக) இன்னொரு விண்டோஸ் நிறுவினால், அதற்குத் தனி உரிமமோ மதிப்பீட்டுப் பதிப்போ வேண்டும்.

கேள்வி: மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வரின் டெவலப்பர் பதிப்பை வீட்டில் நிறுவிக் கற்றேன். கற்றதைக் கொண்டு அப்பாவின் பனியன் கடைக்கு பில் போடும் மென்பொருளையும் எழுதிவிட்டேன். இப்போது அது அதே கணினியில்தான் ஓடுகிறது. வீட்டுக் கணினி என்பதால் தவறில்லை அல்லவா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கற்றதை வீட்டுக்குப் பயன்படும்படி செய்திருக்கிறீர்கள், அதற்கு முதலில் என் பாராட்டு. ஆனால் உரிமப்படி இது தவறு. கணினி எந்தக் கூரையின் கீழ் இருக்கிறது என்று உரிமம் பார்ப்பதில்லை. அதில் நடக்கும் வேலை எது என்றுதான் பார்க்கிறது. டெவலப்பர் பதிப்பு 2016 முதல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. விலையுயர்ந்த எண்டர்பிரைஸ் பதிப்பின் வசதிகள் அத்தனையும் அதில் உண்டு. அதை உருவாக்கம், சோதனை, செயல்விளக்கம் ஆகியவற்றுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பதே நிபந்தனை. மென்பொருளை எழுதி, போலி பில்களைப் போட்டுச் சரிபார்த்த வரையில் நீங்கள் எல்லைக்குள் இருந்தீர்கள். உண்மையான வாடிக்கையாளருக்கு முதல் பில் போட்ட நொடியில் அந்த எல்லையைக் கடந்துவிட்டீர்கள்.

தீர்வு கடினமன்று. அதே குடும்பத்து எக்ஸ்பிரஸ் பதிப்பைக் கடையின் அன்றாட வேலைக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். 2022 பதிப்பில் ஒரு தரவுத்தளம் 10 ஜி.பி. வரை வளரலாம், ஒரு கடையின் பில்களுக்கு அது பல ஆண்டுகள் தாங்கும். தரவுத்தளத்தைப் பேக்கப் எடுத்து, அதே பதிப்பாண்டு எக்ஸ்பிரஸில் ரெஸ்டோர் செய்து, நிரலில் இணைப்பு முகவரியை மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். எந்த வரம்பும் வேண்டாம் என்றால் போஸ்ட்கிரெஸ் என்ற திறமூலத் தரவுத்தளம் இருக்கிறது. ஆனால் அதற்கு நிரலில் சில இடங்களைத் திருத்தி எழுத நேரிடும். கற்பதற்கு டெவலப்பர் பதிப்பையும் அதே வீட்டில் தொடர்ந்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் தடையில்லை.

கேள்வி: சொந்தப் படிப்புக்காக எதையும் நகலெடுக்கலாம் என்று பதிப்புரிமைச் சட்டமே அனுமதிப்பதாகக் கேள்விப்பட்டேன். மென்பொருளுக்கும் அது பொருந்துமா?
– வாசகர், மதுரை

பதில்: பலரும் இடறும் இடம் இது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏ) பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் ஒரு படைப்பைப் பயன்படுத்த இடம் தருகிறது; ஆனால் கணினி நிரல் நீங்கலாக என்று அதே வரியிலேயே விலக்கும் வைத்திருக்கிறது. நிரல்களுக்கான சலுகைகள் தனி உட்பிரிவுகளில் உள்ளன. முறையாகப் பெற்ற நிரலைக் காப்புக்காக நகலெடுக்கலாம். அது இயங்கும் விதத்தைக் கவனித்தும் சோதித்தும் அதன் அடிப்படைக் கருத்துகளை அறியலாம். சட்டப்படி சொந்தமாகப் பெற்ற பிரதியிலிருந்து, வணிக நோக்கமில்லாத சொந்தப் பயனுக்கு நகல் எடுக்கலாம். முறையாகப் பெற்றது என்பதே இவற்றுக்கெல்லாம் வாசல். கிராக் செய்த பிரதி அந்த வாசலையே தாண்டுவதில்லை.

தெரிந்தே திருட்டுப் பிரதியைக் கணினியில் பயன்படுத்தினால், 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆதாயத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால், நீதிமன்றம் காரணத்தைப் பதிவுசெய்து, சிறையைத் தவிர்த்து, 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு விடலாம். படிப்புக்காகத்தான் செய்தேன் என்பது தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர, குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

கேள்வி: மெய்நிகர் கணினிகளை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் முழுவதும் இலவசம்தானே? வீட்டில் பயன்படுத்துவதைப் போலவே அலுவலக லேப்டாப்பிலும் எல்லாவற்றையும் நிறுவிக்கொள்ளலாமா?
– வாசகர், கோவை

பதில்: முழுவதும் அன்று. அடிப்படைப் பொதி ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தில் வருகிறது, அதை வீட்டிலும் அலுவலகத்திலும் தடையின்றிப் பயன்படுத்தலாம். எக்ஸ்டென்ஷன் பேக் என்று தனியாக இறக்கும் இணைப்புக்கு அதை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனத்தின் வேறொரு உரிமம் பொருந்தும். வணிகமற்ற தனிப்பட்ட பயன்பாடு, கல்வி, மதிப்பீடு ஆகியவற்றுக்கு மட்டுமே அது இலவசம். வீட்டில் பழகும்போது இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக லேப்டாப்பில் அந்த இணைப்பை ஏற்கெனவே நிறுவியிருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள். நிறுவனம் உரிமம் வாங்கித் தரும்வரை அடிப்படைப் பொதி போதும்.