யார் நினைத்துத் தும்மினீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் நகைச்சுவை உணர்வு மிக்கவர் என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், நான் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது தூணில் மோதிய கதையைச் சொல்லித்தான் சிரிக்க வைக்கிறார். அன்று ஓடி வந்தவர், என்னைப் பார்ப்பதற்கு முன் காரின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார் என்பதை மட்டும் சொல்வதில்லை. கோபித்துக்கொண்டால், "விளையாட்டுக்குச் சொன்னதற்குப் போய் இப்படியா?" என்கிறார். குறை என்னிடம்தானோ?

பதில்: உங்கள் கடிதத்தில் காரைத் தடவிப் பார்த்த வரியைப் படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆகவே, நகைச்சுவை உணர்வில் குறை உங்களிடம் இல்லை.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையை, அதாவது சிரிப்பைத்தான், முதலில் வைக்கிறது. அந்த நகை பிறக்கும் இடங்கள் எள்ளல் (கேலி), இளமை, பேதைமை, மடன் என நான்கு என்றும் வகுக்கிறது. பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர் எள்ளலை மேலும் இரண்டாகப் பிரிக்கிறார்: ஒருவர் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தானும் சிரிப்பது மற்றொன்று. உங்கள் வீட்டில் முதலாவது மட்டும் பதினான்கு ஆண்டுகளாக நடந்துவருகிறது. இரண்டாவது நடக்கிறதா என்று உங்கள் கணவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பதியரின் உரையாடல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், மணவாழ்வை அரிப்பவற்றுள் மிகக் கொடியது கோபமோ சண்டையோ அல்ல, இளக்காரமே என்கிறார். உங்கள் கணவரிடம் இருப்பது இளக்காரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே ஆளைக் குறிவைத்து, ஒரே கதையைப் பிறர் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, சொல்பவரின் எண்ணம் எதுவாக இருந்தாலும், கேட்பவரின் காதில் அது அப்படித்தான் விழும்.

விருந்தினர் முன்னிலையில் எதுவும் சொல்ல வேண்டாம். மறுநாள், இருவரும் தனியாக இருக்கும் வேளையில், கதையை நிறுத்தச் சொல்லாதீர்கள். முழுக் கதையையும் சொல்லச் சொல்லுங்கள். தூணோடு, காரைத் தடவிய கையும் கதைக்குள் வந்துவிட்டால், சிரிப்பு இருவருக்கும் பங்காகிவிடும். அதற்கும் அவர் உடன்படவில்லையென்றால், அது விளையாட்டில்லை என்று நேராகவே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வீட்டு வேலையில் பாதிக்கு மேல் நான் செய்கிறேன். என் மனைவியோ, முக்கால்வாசி தாம்தான் செய்வதாகச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் பாதியையும் அவருடைய முக்காலையும் கூட்டினால் ஒன்றேகால் வருகிறது. இந்தக் கணக்குப் பிழை உங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், 37 தம்பதியரிடம் வீட்டுக் காரியங்களில் அவரவர் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலானோர் விஷயத்தில் இரு விடைகளையும் கூட்டியபோது, மொத்தம் முழுமையைத் தாண்டிப் போயிற்று. சண்டையைத் தொடங்குவது போன்ற பெருமையில்லாத காரியங்களிலும் இந்தப் போக்கு தெரிந்ததுதான் வேடிக்கை. ஆகவே இதைத் தற்பெருமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நாம் செய்த வேலை நம் முதுகுவலியோடு சேர்ந்து நினைவில் நிற்கிறது. மற்றவர் செய்தது, செய்து முடிக்கப்பட்ட நிலையில்தான் நம் கண்ணில் படுகிறது.

இதைக் காட்டி, "இருவரும் சமமாகத்தான் செய்கிறோம்" என்று மனைவியிடம் வாதாடக் கிளம்பிவிடாதீர்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நானும் என் மனைவியும் ஒருமுறை, ஒருநாள் முழுக்க அவரவர் செய்த வேலைகளைத் தனித்தனித் தாளில் எழுதிப் பார்த்தோம். அவருடைய தாளில் "மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுத்தது" என்று மூன்று இடங்களில் இருந்தது. மூன்றும் என் கண்ணாடி. அதை ஒரு வேலை என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை.

கேள்வி: அறநூல் எழுதிய வள்ளுவர், கணவன் மனைவிக்கு இடையிலான விளையாட்டைப் பற்றி ஏதேனும் சொல்லியிருக்கிறாரா?

பதில்: சொல்லியிருப்பதோடு, நூலையே அதில்தான் முடிக்கிறார். 1,330 குறள்களில் கடைசி முப்பதும், அதாவது 131 முதல் 133 வரையுள்ள மூன்று அதிகாரங்களும், ஊடலைப் பற்றியவை. அவற்றுள் 132-ஆம் அதிகாரமான புலவி நுணுக்கத்தில் ஒரு தும்மல் படும் பாட்டைப் பாருங்கள். இருவரும் பேசாமல் இருக்கிறார்கள். தும்மினால் "நீடு வாழ்க" என்று அவள் வாய்திறந்தே ஆக வேண்டும் என்பது தெரிந்து அவன் தும்முகிறான். அந்தத் தந்திரத்தை அவள் கண்டுபிடித்து (1312) நமக்கும் சொல்லிவிடுகிறாள். இன்னொரு முறை அவன் இயல்பாகவே தும்ம, வாழ்த்திய வாயோடு அழத் தொடங்குகிறாள்:

வழுத்தினாள் தும்மினேன் ஆக அழித்தழுதாள்
யாருள்ளித் தும்மினீர் என்று.

யாராவது நம்மை நினைத்தால் தும்மல் வரும் என்பது நம்பிக்கை. ஆகவே, உங்களை நினைத்தவள் எவள் என்பது கேள்வி. வம்பு வேண்டாம் என்று அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். அதற்கும் அழுகை: நினைப்பவரை எனக்குத் தெரியாமல் மறைக்கிறீரோ? தும்மினாலும் குற்றம், தும்மாவிட்டாலும் குற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கணவனை, நூற்றாண்டுகள் கடந்தும் நம்மில் பலர் கண்ணாடியில் பார்க்கலாம். பெண்ணைச் சந்தேகப் பிராணியாகக் காட்டும் பாட்டு என்று சிலர் இதைக் குறை சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் தும்மலில் தந்திரம் செய்தவன் அவன். அதைப் பிடித்தவள் அவள். இருவரும் ஒரே ஆட்டத்தை ஆடுகிறார்கள், இருவருக்கும் அது தெரியும். ஊடல் உப்பைப் போன்றது, அளவு மிகக் கூடாது என்பதையும் வள்ளுவரே 1302-ஆம் குறளில் சொல்லி வைத்திருக்கிறார்.

கேள்வி: என் கணவர் ஒரே நகைச்சுவைத் துணுக்கை முப்பது ஆண்டுகளாகச் சொல்கிறார். இன்னுமா சிரிக்க வேண்டும்?

பதில்: துணுக்குக்காகச் சிரிக்க வேண்டிய அவசியமில்லை. அவர் கடைசி வரிக்கு முன்னால் மூச்சை இழுத்துக்கொண்டு, உங்கள் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பாரே, அதற்குச் சிரிக்கலாம். முந்திக்கொண்டு அந்த வரியை நீங்களே சொல்லிவிடாதீர்கள். என்றாவது ஒருநாள் பாதியில் மறந்துபோய் நின்றாரானால், எடுத்துக் கொடுக்க வேறு யாருக்குத் தெரியும்?