ஒத்திகையைப் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

கல்லூரியில் மகளிர் தினத்துக்கு வீதி நாடகம் போடுகிறோம். “நாடகம் பார்த்து யார் திருந்தினார்கள்?” என்று கேட்ட ஆசிரியரிடம், ‘திரௌபதி’ நாடகத்தைப் பார்த்துத்தான் மணிப்பூர்த் தாய்மார்கள் படையினருக்கு எதிராக ஆடை களைந்து நின்றார்கள் என்றேன். சரிதானே? எங்களுக்கு ஏற்ற கதை ஒன்றும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

சரியில்லை. படையினர் சிதைத்த பழங்குடிப் பெண்ணொருத்தி ஆடை உடுத்த மறுத்து அவர்கள் அதிகாரியின் முன் நிற்கும் கதை ‘திரௌபதி’. வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் அந்தக் கதையை மணிப்பூர் இயக்குநர் கன்ஹையாலால் நாடகமாக்கி, அவர் மனைவி சாவித்திரி இம்பாலில் நடித்தது 2000-இல். அஸ்ஸாம் ரைபிள்ஸ் படையினர் பிடித்துச் சென்ற தங்ஜம் மனோரமா என்ற பெண் கொல்லப்பட்டபின், அப்போது அந்தப் படையின் முகாமாக இருந்த காங்லா கோட்டை வாசலில் பன்னிரண்டு பெண்கள் நின்றது 2004 ஜூலை 15-இல். முன்னது நடந்ததாலேயே பின்னது நடந்தது என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. 1939-இல் அரிசி ஏற்றுமதியை எதிர்த்துத் தெருவில் இறங்கிய பெண்களின் வழிவந்தவர்கள், இரவெல்லாம் தீப்பந்தம் ஏந்திக் காவல் நின்றவர்கள் அவர்கள். அந்தப் போராட்டத்தைப் பிடுங்கி நாடகத்தின் கணக்கில் எழுதாதே, மகளே.

உன் ஆசிரியருக்குப் பதில் சொல்லவும் மெனக்கெடாதே. நாடகம் முதலில் மாற்றுவது நடிப்பவளைத்தான். ஐம்பதைக் கடந்த சாவித்திரி, ஊர் ஏசும் என்று தெரிந்தும் மேடையில் ஆடை களைந்து நின்றார் என்றால், 1969-இல் தொடங்கிய ‘கலாக்ஷேத்ரா மணிப்பூர்’ என்ற கன்ஹையாலாலின் நாடகக் குழுவில் முப்பது ஆண்டுகள் மூச்சையும் உடலையும் பழக்கியிருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

நான் முதன்முதலில் வரதட்சணை பற்றிய வீதி நாடகம் ஒன்றை இயக்கியபோது, கதாநாயகி மாமனாரைப் பார்த்து “வரமாட்டேன்” என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். நடித்த பெண் அதைத் தரையைப் பார்த்தே சொன்னாள். கால் கட்டைவிரல் மண்ணைக் கீறும், விரல்கள் தாவணி முனையைச் சுருட்டும். எட்டு நாள் அப்படியே போயிற்று. பொறுமையிழந்து நானும் அவளை அதட்டினேன். இன்றும் அது உறுத்துகிறது. ஒன்பதாம் நாள் அவள் தாவணியை விட்டாள், நிமிர்ந்தாள், சொன்னாள். மாமனாராக நடித்த பையன் தன் வசனத்தை மறந்து ஓரடி பின்வாங்கினான். அன்று ஒத்திகையைப் பார்க்க ஒருவரும் வந்திருக்கவில்லை.

அதனால்தான் உனக்குக் கதை எதுவும் தரமாட்டேன். உங்களில் எவளுக்கு எந்தச் சொல் தொண்டையில் சிக்குகிறதோ, அங்கிருந்து எழுதுங்கள். இரண்டு நாளில் வசனத்தை மனப்பாடம் செய்து, பறையடித்து, கைதட்டு வாங்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்பும் நாடகங்களை ஏராளமாகப் பார்த்துவிட்டேன். எத்தனை நாள் ஒத்திகை பார்க்கப்போகிறீர்கள் என்று நீ எழுதவேயில்லை.