மே மாதம் வேண்டாம், ஜூலைக்குத் தள்ளுங்கள்

மே நடுவில் சுவிஸ் மார்ட்டினியிலிருந்து இத்தாலியின் ஆவோஸ்தா வரை, பழைய ரோமாபுரி யாத்திரைப் பாதையான வியா ஃபிரான்சிஜெனாவில் நடக்கலாமா, முழங்கால் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். மே வேண்டாங்க. வழியில் கடக்க வேண்டிய கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய் 2,469 மீட்டர் உயரம். ஜூனில்கூட பனி கிடக்கும்.

முழங்காலுக்குச் சோதனை இறக்கத்தில்தான். உச்சியிலிருந்து ஆவோஸ்தாவுக்குக் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் இறங்க வேண்டும். ஒரே நாளில் முடிக்காமல் இடையில் எட்ரூப்ள் கிராமத்தில் தங்குங்கள். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் கட்டாயம்.

மார்ட்டினியை விட்டதும் வரும் பள்ளத்தாக்குப் பாதை கரடுமுரடு. ஓர்சியேர் வரை ரயிலில் போனால் புண்ணியம் ஒன்றும் குறையாது! அப்புறம், கணவாயில் துறவிகளின் விடுதி 11ஆம் நூற்றாண்டிலிருந்து வழிப்போக்கர்களுக்கு இடம் தருகிறது (அந்தப் பெரிய மீட்பு நாய்களின் ஊரும் இதுதான்). கோடையில் கூட்டம் இருக்கும், முன்பதிவு செய்துவிடுங்கள்.